அப்பாவை ஜம்போவில் ஏற்ற இன்னும் வழி இருக்கிறது

மன்னார்குடித் தம்பிக்கு,

வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் அப்பா ஏறிய ஜம்போவில், அதாவது போயிங் 747 விமானத்தில், அவரை இன்னொரு முறை கூட்டிப்போக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஏர் இந்தியாவில் இனி முடியாது. 2024 ஏப்ரலில் அவர்களுடைய 747 மும்பையை விட்டுக் கடைசியாகக் கிளம்பிவிட்டது. நான்கு எஞ்சின் குடிக்கும் எரிபொருள் கட்டுப்படியாகவில்லை.

ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனத்தில் ஜம்போ இன்னும் ஓடுகிறது. டிக்கெட் போடும்போது விமான வகை 744 அல்லது 74எச் (74H) என்று இருக்கிறதா பாருங்கள்; இரண்டும் ஜம்போவின் குறியீடுகள்தான். 744தான் பழையது, முதலில் விடைபெறப்போவதும் அதுதான். என் பெரியப்பா ஜம்போவுக்குள் மேல்தளத்துக்கு ஏறும் மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். மறுபடி ஏறாமலே போய்விட்டார். சம்பா அறுப்பு முடிந்த கையோடு கிளம்பிவிடுங்கள். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் புதுப்பித்தாயிற்றா?