வலிப்பு நோயும் ஞாபக மறதியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கடலூர் முதுநகர்): என் கணவர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறார். மாத்திரை தொடங்கியபின் கை கால் இழுப்பு வரவில்லை. ஆனாலும் காலையில் சொன்னது மாலையில் நினைவில் இல்லை. ஏன்?

பதில்: அம்மா, இழுப்பு நின்றதனால் வலிப்பே நின்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சில நொடிகள் விழித்தபடியே பிரமை பிடித்தாற்போல் இருப்பதும், உதட்டைச் சப்புக்கொட்டுவதும், சட்டைப் பொத்தானை நெருடிக்கொண்டிருப்பதும்கூட வலிப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் காதில் விழுவது மூளையில் பதிவதே இல்லை என்பதால், நீங்கள் மறதி என்று கருதுவது உண்மையில் பதியாமற்போனதாக இருக்கக்கூடும். அவருடைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு வரி மட்டும் கோணலாக இழுபட்டிருந்தாலோ, எடை எழுதி விலை விடுபட்டிருந்தாலோ, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ‘மறதி அதிகம்’ என்று வாயால் சொல்வதைவிட அது மருத்துவருக்கு அதிகம் உதவும். இதைத் தவிர, காதருகே இரு பக்க நெற்றிப்பொட்டுகளுக்கும் உட்புறம் உள்ள ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி நினைவுகளைப் பதியவைக்கிறது; வலிப்பு அங்கிருந்தே கிளம்புமானால், வலிப்பு வராத நாட்களிலும் நினைவு மந்தமாகலாம்.

கேள்வி (லாஸ்பேட்டை): டோபிராமேட் மாத்திரை தொடங்கிய பிறகு, பேசும்போது சொல் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது, திடீரென நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. சொல் தடுமாற்றமும் சிந்தனை மந்தமும் இந்த மருந்தின் அறியப்பட்ட பக்க விளைவுகள். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். மற்ற வலிப்பு மருந்துகளில் லாமோட்ரிஜின் இவ்வகையில் சாதுவானது. லெவெடிராசிட்டம் சொல்லைத் தடுப்பது அரிது, ஆனால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும். எத்தனை மில்லிகிராமில் சிக்கல் தொடங்கியது என்று தேதியோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): வல்லாரை சாப்பிட்டால் ஞாபகம் திரும்புமா?

பதில்: துவையலாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசியான கீரைதான். வலிப்பு மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

கேள்வி (சிப்காட், கடலூர்): இரவு ஷிப்டு வாரத்தில் எல்லாம் மறந்துபோகிறது. நோய் முற்றுகிறதா?

பதில்: தூக்கம் கெட்டால் வலிப்பும் கூடும், கவனமும் சிதறும், கவனம் இல்லாத இடத்தில் நினைவுக்கு வேலையில்லை. மருத்துவரின் சான்றிதழோடு பகல் ஷிப்டு கேளுங்கள். மனச்சோர்வும் இதே உருவத்தில் வரும் என்பதால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): தம்பிக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். நினைவு போய்விடும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு இருபக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியும் அகற்றப்பட்டது; வலிப்பு குறைந்தது, ஆனால் 2008-ல் இறக்கும்வரை புதிதாகச் சந்தித்தவர்களை அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. இன்று ஒரு பக்கத்தில் மட்டுமே, அதுவும் நினைவுத்திறனைச் சோதித்த பிறகே செய்கிறார்கள். பெரும்பாலானோருக்கு மொழி இடப்பக்கத்தில் இருப்பதால், அங்கே செய்தால் பெயர்களும் சொற்களும் நினைவில் நிற்பது குறையலாம். ஆனால் அந்த ஹிப்போகேம்பஸ் ஏற்கெனவே சுருங்கிப்போயிருந்தால் இழப்பு குறைவாகவே இருக்கும். தம்பிக்கு எந்தப் பக்கம், ஸ்கேனில் அது சுருங்கியிருக்கிறதா, சோதனையில் சொல் நினைவு எப்படி இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.