உப்புக்காற்றில் கிடந்த ஏடிவி: செலவழிக்கலாமா?

கேள்வி: எங்களிடம் 2014-இல் வாங்கிய 110 சிசி ஏடிவி (மணலிலும் தோப்பிலும் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஒன்று இருக்கிறது. அரியமான் கடற்கரையில் சில ஆண்டுகள் சவாரிக்கு ஓடியது. பிறகு எங்கள் தென்னந்தோப்பில் தேங்காய் இழுத்தது. இரண்டு ஆண்டுகளாகக் கிடுகுக் கொட்டகையில் சும்மா கிடக்கிறது. ஒருவழியாகக் கிளப்பினால் நீலப்புகை வருகிறது. மெக்கானிக், எஞ்சினுக்கு 26,000, வயரிங்குக்கும் பேட்டரிக்கும் 9,000, பெயின்டுக்கு 7,000 என மொத்தம் 42,000 ரூபாய் கேட்கிறார். காயலான் கடையில் 7,000 தருகிறேன் என்கிறார்கள். மதுரையில் இதே மாதிரி ஓடும் வண்டி 70,000-க்கு வருகிறது. கோடை விடுமுறைக்குள் சரிசெய்து மீண்டும் சவாரிக்கு விடலாம் என்று மைத்துனர் சொல்கிறார். இதற்குச் செலவழிக்கலாமா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: அன்புள்ள வாசகருக்கு, மெக்கானிக் எழுதித் தந்த கணக்கை இரண்டு முறை படித்தேன். அதில் எஞ்சின் இருக்கிறது, வயரிங் இருக்கிறது, பெயின்டுக்கு மட்டும் 7,000 ரூபாய் இருக்கிறது. வண்டியைத் தாங்கி நிற்கும் சட்டத்துக்கோ (ஃபிரேம்), பிரேக்குக்கோ, ஸ்டீயரிங்குக்கோ ஒரு ரூபாய்கூட இல்லை. மலைப்பாங்கான ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருந்தால் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். உச்சிப்புளியிலிருந்து வந்திருப்பதால் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

வடகடலும் தென்கடலும் இருபுறமும் நெருங்கிக் கிடக்கும் உங்கள் பகுதியில் உப்புக்காற்று ஓய்வதே இல்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க உங்கள் பக்கத்து ஊரான மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா அல்ல. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில், கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப் பகுதியின் அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அந்தப் பாலத்துக்குப் பராமரிக்க ஆளும் பணமும் இருந்தன. உங்கள் வண்டிக்குக் கிடுகுக் கொட்டகைதான் இருந்தது.

ஏடிவியின் சட்டம் உள்ளே வெற்றிடமுள்ள இரும்புக் குழாய்களால் ஆனது. கடற்கரையில் ஓடும்போது ஈரமணல் சிறு துளைகள் வழியாகக் குழாய்க்குள் புகுந்து தங்கிவிடும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து துரு தின்னத் தொடங்கும். வண்டியை ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் பக்கம் அந்த நீரே உவர்ப்பாக இருக்கும். விலைக்கு வாங்கும் குடிநீரை வண்டிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. ஆக, கழுவிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பைச் சேர்த்தே கழுவியிருக்கிறீர்கள்.

ஆகவே, ஒரு ரூபாயும் கொடுப்பதற்கு முன் வண்டியைச் செங்கல் அடுக்கி உயர்த்தி, ஒரு கனமான ஸ்பேனரின் பின்புறத்தால் குழாய்களைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல குழாய் ‘ணங்’ என்று சொல்லும். உள்ளே அரித்த குழாய் ‘டொப்’ என்று அமுங்கிய குரலில் பேசும். கால் வைக்கும் கம்பி சேரும் இடம், எஞ்சின் போல்ட் மாட்டும் தகடுகள், எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பின்சக்கரங்களைத் தாங்கும் சுவிங் ஆர்ம் சட்டத்தோடு இணையும் இடம், இவற்றில் ஸ்குரூடிரைவரின் முனையை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். துரு செதிலாக உதிர்ந்து அடியில் கெட்டி இரும்பு தட்டுப்பட்டால் பிழைத்தது. முனை உள்ளே இறங்கினால், அல்லது அடிக்குழாயின் துளையைக் கம்பியால் குத்தும்போது செம்மண் நிறத்தில் மணலும் துருத்தூளும் கொட்டிக்கொண்டே இருந்தால், அந்த வண்டியில் எஞ்சின் வேலை பார்ப்பது இடிந்த சுவரில் ஓவியம் தீட்டுவதுதான். பட்டை வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்பார்கள். கால்கம்பிக்கு அது சரி. சுவிங் ஆர்ம் இணைப்புக்கு வேண்டாம். மெலிந்த குழாய், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் விடும்.

சட்டம் தேறினால் மட்டுமே எஞ்சினுக்கு வருவோம். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்பது மெய். அதனாலேயே சிலிண்டரைக் கடையும் ‘போர்’ வேலை தேவை என்று ஆகிவிடாது. கிளப்பியதும் சிறிது நேரம் புகைந்து பின்பு அடங்கினால், இரண்டு ஆண்டு கிடப்பில் இறுகிப்போன வால்வ் சீலாக இருக்கலாம். அது சின்ன வேலை. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங் மீது சந்தேகம் வரும். பிளக்கைக் கழற்றி, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து, நிறைந்த பேட்டரியில் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் எஞ்சினைப் பிரிக்க அவசரமில்லை. 90-க்குக் கீழே காட்டினால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள்: அளவு நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கிலோ சிலிண்டர் போரிலோ இருக்கிறது, ஏறாவிட்டால் வால்வில் இருக்கிறது. இதைச் செய்து பார்க்காமல் 26,000 என்று சொல்பவர் அனுபவசாலியாக இருக்கலாம். ஆனாலும் பணம் உங்களுடையது. டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் அதைக் கொட்டி, கார்பரேட்டரைக் கழுவிய பிறகே எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முனையுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும் என்பதால், ஓடாமல் நிற்கும் வண்டிக்குக் கடலோரத்தில் கூடுதல் தொல்லை.

சக்கர பேரிங்குகளுக்குக் கவலை வேண்டாம். அவற்றின் மேலேயே எண் பொறித்திருக்கும். 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, தடிமன் 11 மில்லிமீட்டர் என்பது எந்தக் கம்பெனிக்கும் ஒன்றுதான், இராமநாதபுரத்திலேயே கேட்டு வாங்கலாம். முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது அதைத் தாங்கித் திருப்பும் இணைப்புகளான டை ராட், பால் ஜாயின்ட் இவற்றில் ஆட்டம் தெரிந்தால் அவற்றை மாற்றாமல் வண்டியை நகர்த்தவே கூடாது.

இனிக் கணக்கு. உங்கள் மெக்கானிக் சொன்ன 42,000-உடன் பிரேக், ஸ்டீயரிங், செயின், பேரிங் எல்லாம் சேர்ந்தால், மதுரை வண்டியின் 70,000-ஐ நோக்கித்தான் போவீர்கள். என் கருத்தில், சட்டம் முழுதாகத் தேறினால், பெயின்ட் செலவை அடியோடு நீக்கிவிட்டு, மொத்தச் செலவு 25,000-க்குள் நிற்குமானால் தோப்பு வேலைக்காகச் சரிசெய்யலாம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். மதுரை வண்டி கடல் காணாத வண்டியாக இருந்தால் அதுவே மேல். ஆனால் வாங்குமுன் அதன் அடியிலும் இதே ஸ்குரூடிரைவரை வைத்துப் பாருங்கள்.

சவாரிக்கு விடும் யோசனையை மைத்துனர் கைவிட வேண்டும். பதிவு எண் இல்லாத ஏடிவியைச் சாலையில் ஓட்ட முடியாது. உச்சிப்புளியிலிருந்து அரியமானுக்கு ஒவ்வொரு நாளும் குட்டியானையில் ஏற்றி இறக்கினால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். அதைவிடப் பெரிய விஷயம், பத்து ஆண்டுக்கு மேல் உப்பில் ஊறிய இணைப்புகளை நம்பி, காப்பீடு இல்லாமல், ஊர் பேர் தெரியாத குழந்தையை ஏற்றுவது. தனுஷ்கோடிப் பக்கம் கொண்டுபோகலாம் என்று அவர் சொல்லக்கூடும். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கரையேறி முட்டையிடும். முட்டை பொரிக்க ஏறத்தாழ ஐம்பது நாள் ஆகும் என்பதால், கோடை விடுமுறையிலும் மணலுக்கடியில் கூடுகள் இருக்கக்கூடும். அதன்மேல் சக்கரம் ஏற்ற வேண்டாம்.

ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கிவிட்டால், முழு வண்டியாகக் காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். எஞ்சின், பின் ஆக்ஸில், நான்கு ரிம், டயர் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கழற்றி, இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெறும் சட்டத்தை மட்டும் எடைக்குப் போடுங்கள்.