ஆடித் தள்ளுபடியில் முகத்துக்கு ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 49. கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சள் வெள்ளாமை. ஆவணி இரண்டாம் வாரம் மகளுக்குக் கல்யாணம். நெற்றியில் கோடுகள், மூக்கோரத்திலிருந்து வாய் வரை மடிப்பு. ஈரோட்டில் ஒரு பியூட்டி பார்லரில், ஞாயிறுதோறும் வரும் டாக்டர் ஆடித் தள்ளுபடியில் போடாக்ஸ், ஃபில்லர் இரண்டும் போட்டுவிடுவார் என்கிறார்கள். எது நல்லது? இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதமாகிறது.

பதில்: எது நல்லது என்று கேட்டால் களைக்கொத்து நல்லதா, மண்வெட்டி நல்லதா என்பது மாதிரிதான். கண்ணாடி முன் நின்று புருவத்தைத் தூக்குங்கள். பிறகு முகத்தைத் தளரவிடுங்கள். தூக்கும்போது விழுந்து, விட்டதும் மறைகிற கோடு தசை இழுப்பதால் வருவது. அதற்குத்தான் போடாக்ஸ், அந்தத் தசையைச் சில மாதம் அடக்கி வைக்கும். மூக்கோர மடிப்பு வேறு. வயதாக ஆகக் கன்னத்துச் சதை வற்றிக் கீழே இறங்குவதால் வருவது. அங்கே போடாக்ஸ் பெரிதாக உதவாது. பள்ளத்தைத் தூக்கிவிட ஹயலூரானிக் அமிலக் கூழ் வேண்டும், அதுதான் ஃபில்லர். முதலாவது மூன்று நான்கு மாதம் நிற்கும். இரண்டாவது, இடத்தையும் கூழின் வகையையும் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம்.

சரி, இனி அந்தப் பார்லர் கதைக்கு வருகிறேன். மஞ்சளை உடைத்து உள்நிறம் பார்க்காமல் விலை பேசுவீர்களா? முகத்தை மட்டும் சீசாவைக்கூடப் பார்க்காமல் நீட்டிவிடுகிறோம். போடாக்ஸ் சீசா பார்ப்பதற்குக் காலியாக இருப்பது போலத் தெரியும். அடியில் லேசாக வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். அதை ஃப்ரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். உப்புநீர் ஏற்றிய ஊசியை மூடியில் குத்தியதும் உள்ளே இருக்கும் வெற்றிடம் தண்ணீரைத் தானாக இழுத்துக்கொள்ளும். இதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே கலக்கிச் சிரிஞ்சில் ஏற்றி எடுத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதில் எத்தனை யூனிட், எத்தனை மடங்கு தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு புருவத்துக்கும் நடுவில் விழும் கோட்டுக்கு மட்டும் வழக்கமான அளவு 20 யூனிட். ‘நெற்றிக்கு இவ்வளவு’ என்று மொத்தமாக விலை சொல்கிறவர் யூனிட் கணக்கைச் சொல்லவே மாட்டார். தள்ளுபடி வருவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரிலிருந்துதான். மண்டித் தரகராவது கமிஷனை வெளிப்படையாகச் சொல்வார்.

ஃபில்லர் இன்னும் கவலை தருவது. கூழ் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் வெளுத்து, கடுமையாக வலித்து, செத்துப்போகலாம். மூக்கு, புருவ நடுவில் போடும்போது கண்ணுக்குப் போகிற குழாய் அடைத்துப் பார்வை போனவர்களும் உண்டு. ஹயலூரானிக் கூழாக இருந்தால் கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. உடனடியாகப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து போன டாக்டரைத் திங்கட்கிழமை எங்கே தேடுவீர்கள்? அந்த மருந்து கையிருப்பில் இருக்கிறதா, காட்டுங்கள் என்று கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் பதில் கிடைத்துவிட்டது.

போடாக்ஸ் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து. 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டப்படி அழகுசாதனம் என்றால் பூசுவது, தேய்ப்பது, தெளிப்பது போன்றவைதான். ஊசி அதில் சேராது. ஆனால் புகார் கொடுத்துப் பாருங்கள். மருத்துவ கவுன்சில், பதிவுபெற்ற டாக்டரை மட்டுமே விசாரிப்போம் என்று சொல்லும். பார்லர் என்றால் சுகாதாரத் துறை இணை இயக்குநரிடம் போங்கள் என்பார்கள், அங்கிருந்து போலீஸ். இந்த அலைச்சலில் நொந்து, வீங்கிய கன்னத்தோடு என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலிலேயே டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை.

உங்கள் ஸ்டென்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் கூட இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘ரத்தம் கன்றிவிடும், ஐந்து நாள் நிறுத்திட்டு வாங்க’ என்று பார்லரில் சொல்வார்கள். ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். பாதியாகக் குறைக்கவும் வேண்டாம். ‘ஊசிதானே’ என்று நீங்களாக ஒரு நாள் தள்ளவும் வேண்டாம். ஸ்டென்டில் ரத்தம் கட்டினால் மாரடைப்பு. கன்றிய தோல் பத்து நாளில் தெளிந்துவிடும், மேக்கப்பில் மறைக்கவும் முடியும். போடாக்ஸுக்கு மெல்லிய ஊசி, மேலோட்டமான குத்து. மாத்திரையை நிறுத்தாமலேயே, இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஃபில்லரில் ஆழமாகக் குத்த வேண்டும், வீக்கமும் அதிகம். அதை இரண்டாவது மாத்திரை முடியும் வரை தள்ளிப்போடுங்கள். எப்போது முடிகிறது என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே கல்யாணத்துக்கு நெற்றிக்கு மட்டும் போடாக்ஸ், தோல் டாக்டரிடம், ஆடி முதல் வாரத்தில். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஆடிப்பெருக்கு வாக்கில் திரும்பக் காட்டினால், புருவம் ஏறி இறங்கித் தெரிந்தால் சரிசெய்து அனுப்புவார். ஆடி 18 தாண்டிவிட்டதா, ஊசியை விட்டுவிட்டு, மஞ்சள் காட்டுக்குப் போகும்போது தலைக்குத் துண்டு போட்டு, முகத்துக்குச் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு போங்கள்.