நாய் பிடிக்கும் வேலை மட்டுமா? விலங்கு நல ஆய்வாளர் பணி பற்றி வாசகர் கேட்டவை

டர்பன் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் பலவும் ஒரே தொழிலைக் குறித்து இருந்ததால், அவற்றை இங்கே சேர்த்துத் தந்திருக்கிறேன். பல ஆண்டுகள் இப்பணியில் இருந்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

ஐயா, அயல்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் 'விலங்குக் கட்டுப்பாட்டு அதிகாரி' என்று ஒருவர் வருகிறார். நம் நாட்டில் அந்த வேலைக்கு எங்கே விண்ணப்பிப்பது? (மெட்ரிக் என்னும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், சாட்ஸ்வொர்த்)

அந்தப் பெயரில் ஒரே பதவி தென்னாப்பிரிக்காவில் இல்லை. அத்தொடர்களில் ஒருவர் செய்வதாகக் காட்டப்படும் வேலையை இங்கே மூன்று வகையினர் பகிர்ந்து செய்கிறார்கள். முதல் வகையினர் எஸ்.பி.சி.ஏ. எனப்படும் விலங்குவதைத் தடுப்புச் சங்கங்களின் ஆய்வாளர்கள். இவர்கள் அரசு ஊழியர் அல்லர். ஆனால் இவர்களுடைய சங்கங்கள் 1993-ஆம் ஆண்டின் 169-ஆம் எண் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன, தலைமைச் சங்கமான என்.எஸ்.பி.சி.ஏ. அதே சட்டத்தால் அமைந்த நிறுவனம். இரண்டாவது வகையினர் மாநகராட்சியின் துணைவிதிகளை நடைமுறைப்படுத்தும் அலுவலர்களும், சாலையில் திரியும் மாடு, ஆடு, குதிரைகளைப் பிடித்து அடைக்கும் பட்டிகளின் (பவுண்டு) பணியாளர்களும். மூன்றாவது வகையினர் மாகாண வேளாண்மைத் துறையில் பணிபுரியும் விலங்குச் சுகாதாரத் தொழில்நுட்பர்கள். உண்ணி நீக்க மாடுகளை மருந்துநீரில் இறக்கும் குளிப்புத் தொட்டிகளைக் கண்காணிப்பது, தடுப்பூசி போடுவது, கோமாரி நோய் பரவாமல் காவல் செய்வது ஆகியவை இவர்களுடையவை.

மூன்றாவதற்குக் கல்லூரிப் படிப்பும் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவும் கட்டாயம். யுனிசா பல்கலைக்கழகத்திலும் வடமேற்குப் பல்கலைக்கழகத்தின் மஹிகெங் வளாகத்திலும் இதற்கான படிப்பு உண்டு. முதலாவதற்கு மெட்ரிக் தேர்ச்சி, ஓட்டுநர் உரிமம், குற்றப் பதிவு இல்லாமை ஆகியவற்றை எதிர்பார்ப்பார்கள். சேர்ந்தபின் பயிற்சி ஆய்வாளராக மூத்தவர் ஒருவருடன் சுற்றி, சட்டமும் விலங்குகளைக் கையாளும் முறையும் கற்றுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஊர் எஸ்.பி.சி.ஏ. காப்பகத்தில் சில மாதங்கள் தன்னார்வலராகக் கூண்டு கழுவிப் பாருங்கள். நாய்க்குட்டியைக் கொஞ்சுவதற்காக வந்தவர்கள் இரண்டாம் வாரத்திலேயே நின்றுவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு நாயை இரவும் பகலும் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள். புகார் கொடுத்தேன். ஆய்வாளர் வந்தார், பேசினார், நாயை விட்டுவிட்டுப் போய்விட்டார். இவர்களுக்கு அதிகாரமே கிடையாதா? (வாசகி, ஃபீனிக்ஸ்)

அதிகாரம் உண்டு, ஆனால் அது நீங்கள் நினைக்கும் வடிவில் இல்லை. 1962-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் இன்றும் எங்கள் கையில் இருக்கும் முதன்மையான கருவி. அதன்படி, விலங்கைத் தேவையின்றிக் கட்டிவைப்பதும், துன்பம் தரும் முறையில் கட்டிவைப்பதும், வெயிலுக்கும் குளிருக்கும் ஒதுங்க இடமில்லாமல் அடைத்துவைப்பதும், உணவோ தண்ணீரோ மறுப்பதும் குற்றம். கட்டிவைப்பது மட்டுமே எல்லா நேரத்திலும் குற்றமாகிவிடாது என்பதைக் கவனியுங்கள். 'தேவையின்றி', 'துன்பம்' என்னும் இரு சொற்களை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ஆய்வாளருடையது.

அடுத்தது, உள்ளே நுழைவது. ஆய்வாளர் முதலில் அந்த மாவட்ட மாஜிஸ்திரேட்டின் எழுத்துப்பூர்வமான அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். அந்த அனுமதி அந்த மாவட்டத்துக்குள் மட்டுமே செல்லும். அதை வைத்திருந்தாலும், விலங்குகள் இருக்கும் நிலையைப் பார்வையிட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், சம்மதிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவோடு திரும்பி வர வேண்டும். சுவர் ஏறிக் குதித்து நாயைத் தூக்கிவந்தால், பின்னால் நீதிமன்றத்தில் வழக்கு சரிந்துவிடும், நாயும் பழைய சங்கிலிக்கே திரும்பிவிடும்.

ஆகவே அந்த ஆய்வாளர் பெரும்பாலும் எச்சரிக்கை அறிவிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்திருப்பார். அதில் நிழல், தண்ணீர், சங்கிலியின் நீளம் ஆகியவற்றைச் சரிசெய்ய நாள் குறித்திருப்பார். நீங்கள் செய்யக்கூடியது, நாள், நேரம், கண்ட நிலை ஆகியவற்றை உங்கள் பக்கத்திலிருந்தே குறித்துவைத்து, மாற்றம் இல்லையென்றால் மறுபடியும் அழைத்து, தேவைப்பட்டால் பிரமாண வாக்குமூலம் தர முன்வருவது. பெயர் சொல்லாத புகாரை விசாரிக்கலாம், ஆனால் சாட்சி இல்லாத வழக்குக் கோப்பு (டாக்கெட்) நீதிமன்றத்தில் நிற்காது. இப்பணியில் பாதி நேரம் காகிதத்தில்தான் கழிகிறது என்பதைச் சேர விரும்புவோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டார் மாரியம்மன் பூசைக்குக் கோழியும் சில ஆண்டுகளில் ஆடும் பலி கொடுப்பது வழக்கம். எஸ்.பி.சி.ஏ. வந்து தடுக்க முடியுமா? (பெரியவர், டொங்காட்)

இக்கேள்வியை வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி ஐயா. பலர் கேட்கத் தயங்குவார்கள். பலியிடுவதைச் சட்டம் தடைசெய்யவில்லை. 2000-ஆம் ஆண்டின் இறைச்சிப் பாதுகாப்புச் சட்டம், இறைச்சிக் கூடத்துக்கு வெளியே அறுப்பதைப் பொதுவாகத் தடுத்தாலும், சொந்த உணவுக்காகவோ சமயம், பண்பாடு சார்ந்த காரணத்துக்காகவோ அறுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. அந்த இறைச்சியை விற்கத்தான் கூடாது. ஆனால் அந்த விலக்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தப்பிக்கும் வழி ஆகாது. காலைக் கட்டிக் கார் டிக்கியில் அடைத்துக் கொண்டுவருவது, வெயிலில் தண்ணீரின்றி மணிக்கணக்கில் காத்திருக்க வைப்பது, மழுங்கிய கத்தியால் பழக்கமில்லாதவர் அறுப்பது ஆகியவை எந்தத் தெய்வத்தின் பெயரால் நடந்தாலும் வழக்குக்கு இடம் தரும்.

இதை வெறும் அச்சுறுத்தலாக நினைக்க வேண்டாம். சமயச் சடங்கு ஒன்றில் ஒட்டகங்கள் வதைக்கப்பட்டதாக என்.எஸ்.பி.சி.ஏ. புகார் செய்தபோது அரசு வழக்குரைஞர்கள் வழக்குத் தொடர மறுத்தார்கள். அந்தச் சங்கம் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை சென்று, தானே தனிமுறையில் குற்றவழக்குத் தொடரும் உரிமையை 2016-இல் பெற்றது. சடங்கு தவறா என்ற கேள்விக்குள் அத்தீர்ப்பு செல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அனுபவத்தில், பூசைக்கு முன்பே உள்ளூர்ச் சங்கத்துக்குத் தெரிவித்து, ஆய்வாளரையும் வரச் சொன்ன குடும்பங்களுக்குச் சிக்கல் வந்ததில்லை. அறுக்கத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே அமர்த்துவது எல்லாவற்றினும் முக்கியம். தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய்களால்தான் எங்கள் தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. பலிப் புகார்கள் அதில் ஒரு சிறு பங்கு.

என் மகள் இப்பணியில் சேர விரும்புகிறாள். வெறிநாய்க்கடி நோய் குறித்துப் பயமாக இருக்கிறது. (தாயார், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அஞ்சுவது நியாயம்தான், ஏனெனில் அறிகுறி தோன்றிவிட்டால் அந்நோயிலிருந்து மீள்வது ஏறக்குறைய இயலாது. நம் குவாசுலு-நட்டாலில் அது நாய்களிடையே பல பத்தாண்டுகளாக நிலைத்திருக்கிறது. ஆனால் முறையாகக் காத்துக்கொண்டால் முற்றிலும் தவிர்க்கக்கூடிய நோயும் அதுவே. நாய்களைக் கையாளத் தொடங்கும் முன்பே முன்தடுப்பு ஊசியை மகள் போட்டுக்கொள்ளட்டும். வேலை தருபவர் அதை ஏற்பாடு செய்யவில்லையென்றால் அங்கே சேர வேண்டாம் என்றே சொல்வேன். கடி பட்டால், சிறு கீறலாயினும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்தடுப்பு ஊசி போட்டவருக்கும் கடிக்குப்பின் ஊசி தேவை, எண்ணிக்கை மட்டும் குறையும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி வீட்டிலேயே இருந்துவிடுவது உயிரோடு விளையாடுவது.

வீட்டு நாய், பூனைகளுக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசியும், ஓராண்டுக்குள் இரண்டாவதும், பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறையும் போடுவது சட்டப்படி கட்டாயம். பத்து நாய்களில் குறைந்தது ஏழு நாய்களுக்காவது ஊசி போட்டிருந்தால்தான் பரவல் அறுபடும்.

கூரையில் மாம்பா பாம்பு, தோட்டத்தில் குரங்குக் கூட்டம். இவற்றையும் நீங்கள்தான் பிடிப்பீர்களா? (வாசகர், குவீன்ஸ்பர்க்)

பாம்பைப் பிடிக்க அனுமதி பெற்ற பாம்பு பிடிப்பவர்களை அழையுங்கள்; காட்டுயிர்களைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் மாகாணக் காட்டுயிர்ப் பாதுகாப்பு நிறுவனமான எசெம்வெலோவின் அனுமதி வேண்டும். வர்வெட் குரங்கைப் பொறிவைத்துப் பிடிப்பதோ, காற்றுத் துப்பாக்கியால் சுடுவதோ கூடாது. குப்பைத் தொட்டியை மூடி, பழத்தட்டைச் சமையலறை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டாலே கூட்டத்தில் பாதி வராது. காயம்பட்ட குரங்கென்றால் மட்டும் எஸ்.பி.சி.ஏ.யை அழைக்கலாம்.

கருணைக் கொலை செய்ய வேண்டியிருக்குமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, டர்பன்)

ஆம், அம்மா. இதை மறைத்து ஆள் சேர்ப்பது அநியாயம். ஊசி மருந்து கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கால்நடை மருத்துவரோ, கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றவரோதான் அதைக் கையாளலாம், ஒவ்வொரு மில்லிலிட்டரும் பதிவேட்டில் ஏற வேண்டும். நீங்களே ஊசி போடாவிட்டாலும், நாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை உங்களுடையதாக இருக்கக்கூடும். நான் பணிசெய்த ஓரிடத்தில் இதைப்பற்றிப் பேசுவதே பலவீனம் என்று கருதினார்கள். என்னுடன் சேர்ந்த இருவர் அதனாலேயே விலகினார்கள். நேர்காணலில், "இந்த வேலைக்குப் பிறகு ஊழியர்களுக்கு மனநல ஆதரவு என்ன இருக்கிறது?" என்று நீங்களே கேளுங்கள்.

எனக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், சுலு அவ்வளவாகத் தெரியாது. பரவாயில்லையா? (இளைஞர், வெருலம்)

கற்றுக்கொள்ளுங்கள். சுலு பேசுவோர் மிகுந்த உம்லாசியிலோ இனாண்டாவிலோ, வீட்டுப் பெரியவருக்கு முறையாக "சவுபோனா, பாபா" என்று வணக்கம் சொல்லி, நாய்க்கு ஏன் சொறி வந்தது, அதை எப்படிக் குணப்படுத்தலாம் என்று அவர் மொழியிலேயே விளக்கத் தெரிந்தவருக்குக் கதவு திறக்கும். அப்படித் திறந்த கதவுகள் பலவற்றில் எனக்கு மாஜிஸ்திரேட்டின் உத்தரவே தேவைப்படவில்லை.