பாழடைந்த கட்டடம் பார்க்கப் போகிறீர்களா? திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

கைவிட்ட தாங்கி, இடிந்த கோட்டை, ஆளில்லாத ஊர், பழைய சுரங்கம் என்று சுற்றுகிற ஆசையுள்ளவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் பாதிக்கு மேல் காட்டுக்குள்தானே கிடக்கின்றன? உள்ளே நுழைந்து படம் எடுத்தால் என்ன? (மாணவர், உப்புவெளி)

தம்பி, காடு மூடியதெல்லாம் ஆளில்லாச் சொத்து இல்லை. 1930களில் பிரித்தானியக் கடற்படைக்காக எழுப்பிய தாங்கிகள் அவை. மொத்தம் 99, ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐஓசியிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். எந்தப் பற்றைக்குள் நின்றாலும் இன்னொருவர் காணியில்தான் நிற்பீர்கள்.

பொலிஸை விடவும் எனக்குப் பயம் அங்குள்ள காற்றுத்தான். மூடிக்கிடக்கிற இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கிற ஒட்சிசனைத் துரு இழுத்துக்கொள்ளும். மணமும் வராது, மூச்சும் முட்டாது. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார். தூக்க இறங்குகிறவரும் பக்கத்திலேயே விழுவார். பாழ்கிணற்றில் ஒருவர் பின் ஒருவராகச் சாகிற செய்திகள் பலவற்றுக்கும் காரணம் இதே மாதிரிக் கெட்ட காற்றுத்தான். அடியில் பழைய எண்ணெய்ச் சேறு இருந்தால் அதன் ஆவி வேறு. மேலே ஏறலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கூரைத் தகடு உட்பக்கமாகவும் அரித்திருக்கும். அது மேலே நிற்கிறவருக்குத் தெரியாது.

பார்க்க வேண்டியது 91ஆம் தாங்கி. 1942 ஏப்ரல் 9 தாக்குதலில் ஜப்பானிய விமானம் ஒன்று அதில் மோதியது. ஏழு நாள் எரிந்ததாகச் சொல்வார்கள். அந்தச் சூட்டில் உருகிச் சரிந்த இரும்பு இன்னமும் கிடக்கிறது. பாடசாலையின் வரலாற்றுக் கழகம் வழியாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஒஸ்டன்பேர்க் கோட்டைக்குப் போகலாமா?

அது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. அனுமதி இல்லாமல் முடியாது. பிரெட்றிக் கோட்டையிலும் இராணுவம் இருக்கிறது. ஆனால் கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதை அதற்குள்ளால்தான், தாராளமாக நடக்கலாம். எல்லாரும் மானைப் படம் எடுத்துக்கொண்டு வாசலைக் கடந்துவிடுகிறார்கள். அந்த வாசல் நிலைக்கல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரட்டைக் கயல் செதுக்கியிருக்கும். ‘முன்னே குளக்கோட்டன்’ என்று, கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் பெயரோடு தொடங்கும் தமிழ் எழுத்தும் இருக்கும். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கொண்டு கோட்டை கட்டியதன் அடையாளம் அது. இதைவிடப் பெரிய ‘பாழடைந்த கட்டடம்’ இந்த ஊரில் எனக்குத் தெரியாது.

அக்காவின் பழைய மாடி வீட்டைத் திருத்த முன் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தளம் தாங்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (நிலாவெளி வீதி)

முதலில் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். தளத்தைத் தாங்குகிற மரவளை நடுவில் நன்றாகத்தான் தெரியும். சுவருக்குள் போகிற முனையில்தான் மழைத்தண்ணீர் இறங்கிக் கறையானும் ஏறும். அந்த முனையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கினால் மேலே போகவே வேண்டாம். இறுக்கமாக இருந்தால் சுவரோரமாக, வளை இருக்கிற வரிசையில், ஒவ்வொருவராக நடங்கள்.

அரசமர வேர் சுவரைப் பிளந்திருந்தால் உடனே வெட்டிவிடாதீர்கள். பல இடங்களில் அந்த வேர்தான் சுவரைக் கட்டி வைத்திருக்கிறது. அஸ்பெஸ்டஸ் கூரையில் ஒருபோதும் கால் வைக்கக் கூடாது, உடைந்த துண்டைக் கூட்டவும் கூடாது. தூசு நெஞ்சுக்குள் போகும். வௌவால் எச்சம் குவிந்திருந்தால் முகக்கவசம் கட்டாயம். இருட்டு மூலையில் கைவிட முன் ரோச் அடித்துப் பாருங்கள், புடையன் பாம்பு சத்தமில்லாமல் கிடக்கும்.

சம்பூர்ப் பக்கம் ‘பேய் ஊர்’ என்று ஒரு வீடியோ செய்ய நினைக்கிறோம். எங்கே போகலாம்? (கொழும்பிலிருந்து இருவர்)

தம்பிமார், இந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். அந்த ஊர்ச் சனம் 2006இல் போரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. 2015இல்தான் சொந்தக் காணிக்குத் திரும்பத் தொடங்கியது. கூரையில்லாத ஒரு வீட்டைக் காண்பீர்கள். முற்றத்தில் கிணறு இருக்கும், கிணற்றடியில் மா இருக்கும். உறுதிப்பத்திரம் யாரோ ஒருவரின் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அவர் கனடாவில் இருக்கலாம், அடுத்த தெருவிலும் இருக்கலாம். பக்கத்து வீட்டில் கேளுங்கள், தேத்தண்ணி தந்து கதையும் சொல்வார்கள். பேய் இசை போட்டு ஓட்டுகிற வீடியோவைவிட அது நல்ல வீடியோ.

போர் நடந்த எந்த ஊரிலும் ஆட்கள் தினமும் நடக்கிற பாதையை விட்டு இறங்காதீர்கள். மண்டையோட்டுப் பலகை கண்டால் சொல்லத் தேவையில்லை. பலகை இல்லாத இடத்திலும் தெரியாத இரும்பைத் தொடக் கூடாது. மிதிவெடி மாதிரி ஏதும் கண்ணில் பட்டால் வந்த அடித்தடத்திலேயே திரும்பிப் பொலிஸ் 119க்கு அறிவியுங்கள். யாருக்கும் காயம் என்றால் அம்புலன்ஸுக்கு 1990.

திருகோணமலையில் பழைய சுரங்கம் ஏதும் உண்டா, ஐயா?

குழிக்குள் இறங்குகிற சுரங்கத்தை நினைத்தால் ஏமாற்றம்தான். புல்மோட்டையில் இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கோன் என்ற கனிமங்களை எடுக்கிறார்கள். அது கடற்கரை மண்ணை அள்ளிப் பிரிக்கிற வேலை. ஆழச் சுரங்கம் என்றால் போகல, கஹட்டகஹ என்ற இடங்களிலுள்ள காரீய (கிராபைட்) சுரங்கங்கள். இரண்டும் நம் மாவட்டத்தில் இல்லை.

இந்தியா போகிறவர்கள் கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயலைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் 3 கிலோமீற்றருக்கும் ஆழத்தில் இறங்கி வேலை செய்த இடம். 2001 பெப்ரவரி 28இல் மூடினார்கள். ஊர் இன்னமும் வாழ்கிறது. சுரங்கவாய்ப் பக்கமோ சயனைட் கழிவு மேடுகளிலோ ஏற வேண்டாம்.

தனுஷ்கோடி?

கட்டாயம் போங்கள். 1964 டிசம்பர் புயல் அழித்த ஊர். இலங்கையின் வடபகுதியைக் கடந்து போன அதே புயல். சுவரில் ஏறாமல் தேவாலய இடிபாட்டை வெளியே நின்று பாருங்கள், போதும்.

இடிபாட்டில் பழைய நாணயம் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். மெற்றல் டிடெக்டர் கொண்டு போகிறவரோடு கூட்டுச் சேராதீர்கள். புதையல் தோண்டிய வழக்கில் உங்களையும் சேர்த்து ஏற்றுவார்கள்.

பேய் பார்த்திருக்கிறீர்களா?

இல்லை. குளவிக்கூடு பார்த்திருக்கிறேன், ஓடியும் இருக்கிறேன்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

துறைமுகத்தில் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி கையில் இல்லாமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அனுமதி இருந்தாலும் இந்த இரண்டு இடத்துக்கும் கிட்டப் போகாதீர்கள்.