தர்மம் வேணாம், பில்லைக் குடுங்க

கேள்வி: ஆசிரியர் சார், பொண்ணை பிரசவத்துக்கு ஜி.ஹெச்.ல சேத்தோம். நல்லபடியா பொறந்துச்சு. ஆனா கொழந்தைய கையில குடுக்கறதுக்கு முன்னாடியே 'ஆம்பளப் புள்ள, சந்தோஷமா ஆயிரம் ரூவா குடுங்க'ன்னு ஆயாம்மா கைய நீட்டுறாங்க. அடுத்த மாசம் பொண்ணுக்கு வயித்து வலின்னு தனியார் டாக்டர்கிட்ட போனோம். ஸ்கேன் எழுதினார். அவர் சொன்ன சென்டர்லதான் எடுக்கணுமாம், வேற எடத்துல எடுத்தா பாக்கவே மாட்டாராம். மருத்துவ தர்மம்னு ஒண்ணு இருக்கா, செத்துப்போச்சா?
— பேரும் ஊரும் போட வேண்டாம்னு கேட்ட வாசகி

பதில்: மொதல்ல பாட்டியானதுக்கு வாழ்த்துக்கள். இந்த 'க்' வரக்கூடாது, 'வாழ்த்துகள்'தான் சரின்னு நம்ம புரூஃப் ரீடர் இருபது வருஷமா என்கூட சண்டை போடறார், இந்தத் தடவையும் அடிச்சிருப்பார், நான் மறுபடி போட்டிருப்பேன். உங்க கைக்கு வந்த இதழ்ல 'க்' இருந்தா நான் ஜெயிச்சேன்னு வெச்சுக்கோங்க.

நீங்க கேட்டதுல எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் கண்ணுல குத்துது. தர்மம்.

நம்ம ஊர்ல இந்த வார்த்தை எதோடெல்லாம் ஒட்டிக்கிட்டு வருதுன்னு பாருங்க. கோயில்ல தர்ம தரிசனம், அதாவது டிக்கெட் வாங்காதவன் நாலு மணி நேரம் கம்பிக்குள்ள நின்னு சாமியை அரை செகண்ட் பாக்கறது. பஸ் ஸ்டாண்டுல பிக்பாக்கெட் மாட்டினா தர்ம அடி. இந்த தர்ம அடியப் பத்தி தனியா ஒரு கட்டுரையே எழுதலாம் அம்மா. அடிக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் முன்ன பின்ன பழக்கமே கெடையாது, பர்ஸைப் பறிகுடுத்தது வேற யாரோ, இவன் ஆபீசுக்கு லேட்டாகுதேன்னு ஓடிக்கிட்டு இருக்கறவன், கூட்டத்தைப் பாத்ததும் டிபன் பாக்ஸை பக்கத்துல நிக்கறவன்கிட்ட குடுத்துட்டு ரெண்டு போட்டுட்டு டிபன் பாக்ஸை வாங்கிக்கிட்டு 29சி புடிச்சுப் போயிட்டே இருப்பான். நன்றி கூட எதிர்பாக்க மாட்டான். பலனை எதிர்பாக்காம செய்யறதுன்னு பெரியவங்க சொன்னது இதைத்தான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம்.

அந்த வரிசையிலதான் தர்மாஸ்பத்திரி. எங்க அப்பத்தா வாயிலேர்ந்து ஜி.ஹெச்.னு நான் கேட்டதே இல்ல, கடைசி வரைக்கும் தர்மாஸ்பத்திரிதான். சும்மா கெடைக்கறது, கெடைச்சதை வாங்கிக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டு வரணும், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதேன்னு பழமொழி வேற.

தானமாவா வந்துச்சு? தீப்பெட்டி வாங்கினாக்கூட வரி கட்டறோம். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம்னு 1994ல ஆரம்பிச்சாங்க, மாநிலம் மொத்தத்துக்கும் சேத்து டெண்டர் விட்டு மொத்தமா மருந்து வாங்கி, மாவட்டத்துக்கு மாவட்டம் குடோன் வெச்சு அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பற ஏற்பாடு, இந்த முறையப் பாத்து வேற மாநிலங்களும் காப்பி அடிச்சாங்க. அந்த மாத்திரை அட்டையில 'விற்பனைக்கு அல்ல'ன்னு இருக்கும். பிச்சைன்னு எங்கயும் போட்டிருக்காது. ஆனா ஜன்னல்ல மாத்திரைய வாங்கறப்போ நாம நிக்கற நிப்பைப் பாத்தா கல்யாண வீட்டு வாசல்ல எலை எடுக்கக் காத்திருக்கற மாதிரி இருக்கு.

ஆயாம்மா விஷயத்துக்கு வரேன். ஆயிரம்னு எழுதியிருக்கீங்க, பொண்ணு பொறந்திருந்தா எவ்வளவு கேட்டிருப்பாங்கன்னு பக்கத்து பெட்டுல விசாரிச்சீங்களா? பாதி. வயித்துக்குள்ள இருக்கறவரைக்கும் ஆணா பொண்ணான்னு மூச்சு விடக்கூடாதுன்னு 1994லயே சட்டம் போட்டு ஸ்கேன் சென்டர்க்கு ஸ்கேன் சென்டர் போர்டு மாட்டி வெச்சிருக்கோம், வெளிய வந்த அடுத்த நிமிஷம் ரெண்டுக்கும் தனித்தனி ரேட்டு. அந்த ரேட்டை ஆயாம்மா தானா போடல, நம்ம வீட்டுப் பெருசுங்க மூஞ்சியப் பாத்துப் போட்டது. அந்தப் பணத்துக்கு 'சந்தோஷம்'னு பேர் வெச்சவன் எவனோ, பெரிய கவிஞன்.

அவங்கள்ல நெறையப் பேர் கான்ட்ராக்ட் ஆளுங்க, கைக்கு வர்ற சம்பளத்துல ஒரு வீட்டு வாடகை தேறாதுன்னு எனக்கும் தெரியும். அவங்களை விடுங்க, 2015ல பரீட்சை எழுதி அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த ஆயிரக்கணக்கான நர்சுங்களுக்கு அப்போ மாசம் 7,700 ரூபா தொகுப்பூதியம். 2017 நவம்பர்ல சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல, அதான் மருத்துவத் துறை தலைமை ஆபீஸ்ல, ராத்திரி பகலா போராட்டம்னு உக்காந்தாங்களே, அவங்கதான். 7,700ஐ குடுத்துட்டு நைட்டிங்கேல் அம்மையார் மாதிரி விளக்கு புடிச்சுக்கிட்டு நில்லுங்கன்னு நர்சஸ் டே அன்னிக்கு மெழுகுவத்தி ஏத்தச் சொன்னதுக்கு நமக்கு கொஞ்சம் கூச்சம் வேணும். ஆனா ஒண்ணு, சம்பளம் கொறைச்சலா இருக்கறவன் கேட்க வேண்டிய எடம் கவர்மென்டு. தையல் பிரிச்ச வலியோட படுத்திருக்கற உங்க பொண்ணு கிடையாது. இதுல ரெண்டு பேச்சு இல்ல.

இப்ப ஸ்கேன் டாக்டர். 'தர்மம் செத்துப்போச்சா'ன்னு அவரை நெனச்சுத்தான் கேட்டிருப்பீங்க. டாக்டருங்களுக்குன்னு 2002ல மெடிக்கல் கவுன்சில் ஒரு நடத்தை விதி போட்டுச்சு. நோயாளிய ஒரு எடத்துக்கு அனுப்பறதுக்காக கமிஷனோ பரிசோ வாங்கவும் கூடாது குடுக்கவும் கூடாது. ஃபீஸ் எவ்வளவுன்னு ரூம்ல எழுதி மாட்டணும். சீட்டுல பதிவு எண் போடணும். கேஸ் ஷீட்டு, அதாவது என்ன வைத்தியம் பண்ணாங்கன்னு எழுதி வெச்ச பதிவு, கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும். 2016ல திருத்தம் கொண்டு வந்து, மருந்து பேரை படிக்கற மாதிரி எழுதணும், முடிஞ்சா இங்கிலீஷ் கேபிடல் எழுத்துல எழுதணும்னாங்க. இந்தக் கடைசி விஷயத்துல நம்ம ஆபீசுக்கு ஒரு லாபம், டாக்டர் சீட்டைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நம்ம புரூஃப் ரீடர்தான், முப்பது வருஷமா எழுத்தாளருங்க கையெழுத்தைப் படிச்சுப் படிச்சு வந்த வித்தை, அக்கம்பக்கத்துல இருந்தெல்லாம் சீட்டோட வந்து நிப்பாங்க. (எழுத்தாளருங்க இப்ப டைப் பண்ணி அனுப்பறாங்க. டாக்டருங்க இன்னும் திருந்தல.)

ஃபீஸ் போர்டு மாட்டின கிளினிக் எத்தனை பாத்திருக்கீங்க? நான் ரெண்டு. ஆனா ஊழியர்களைத் தாக்கினா 3 வருஷத்துலேர்ந்து 10 வருஷம் வரைக்கும் ஜெயில்னு 2008 சட்டத்தைச் சொல்ற போர்டு எல்லா கேஷுவாலிட்டியிலயும் தொங்குது. தொங்கட்டும், வேணும். 2024 நவம்பர்ல கிண்டி ஆஸ்பத்திரியில பணியில இருந்த கேன்சர் டாக்டரை நோயாளியோட மகன் கத்தியால குத்தினது அசிங்கம், அதுக்கு எந்த வியாக்கியானமும் நான் குடுக்க மாட்டேன். ஆனா அடிச்சா என்ன ரேட்டுன்னு போர்டு இருக்கற நாட்டுல பாத்தா என்ன ரேட்டுன்னு போர்டு இல்லையே, அதுதான் என் கேள்வி.

எங்க அத்தைக்கு நடந்ததைச் சொல்றேன், ஆஸ்பத்திரி பேர் வேணாம். ஒம்பது நாள் வெச்சிருந்து அனுப்பினாங்க, கேஸ் ஷீட் காப்பி குடுங்கன்னேன். கவுன்டர்ல இருந்த தம்பி என்னை ஏற இறங்கப் பாத்துட்டு 'நீங்க வக்கீலா சார்?'னான். இல்லப்பா பத்திரிகைன்னேன். உள்ள போனவன் அரை மணி நேரம் ஆளக் காணோம். அப்புறம் மேனேஜரே ஃபில்டர் காபியோட வந்தார். காபி பிரமாதம். கேஸ் ஷீட்டு இன்னி வரைக்கும் வரல.

இப்ப இதைக் கேளுங்க. ஜிங்க் விட்டமின் மாத்திரை பண்ற ஒரு சென்னைக் கம்பெனி டாக்டருங்களுக்கு தங்கக் காசு, டி.வி., ஃப்ரிட்ஜ், வெளிநாட்டு டூர்னு கிட்டத்தட்ட 4.72 கோடி ரூபாய்க்கு அன்பளிப்பு குடுத்திருக்கு. குடுத்ததோட நிக்கல. அதை தொழில் செலவுன்னு கணக்கு காட்டி வருமான வரியில கழிச்சுக் குடுங்கன்னு கேட்டுச்சு. வாங்கக் கூடாதுன்னு விதி டாக்டருக்குத்தானே, குடுக்கற எங்களுக்கு இல்லையேன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் வாதாடுச்சு. 2022 பிப்ரவரியில கோர்ட் முடியாதுன்னுடுச்சு. வாங்கறது தப்புன்னா குடுக்கறது எப்படி நியாயமான செலவாகும்னு. எல்லாரும் அந்தத் தங்கக் காசைப் பாத்து வாயைப் பொளந்தாங்க. எனக்கு வேற ஒண்ணுதான் தோணுச்சு. அந்தத் தங்கக் காசுக்குக் கூட எங்கயோ ஒரு பில்லு பத்திரமா ஃபைல்ல இருந்திருக்கு. அந்த மாத்திரைய முழுங்கினவன் கையிலதான் பில்லு இல்ல.

அதனாலதான் சொல்றேன், தர்மத்தை விடுங்க. தர்மம்னா குடுக்கறவன் இஷ்டம். பில்லுன்னா உங்க இஷ்டம். வேற எடத்துல எடுத்த ஸ்கேனை பாக்க மாட்டேன்னு சொன்னாரே, 'காரணத்தை சீட்டுலயே எழுதிக் குடுங்க சார்'னு மரியாதையா கேளுங்க. சில சமயம் மெஷின் பழசு, படம் தெளிவா வராதுன்னு நெஜமான காரணம் இருக்கும், அந்த மாதிரி டாக்டர் ரெண்டு வரி எழுதிடுவார். எழுத யோசிச்சார்னா உங்களுக்கே புரிஞ்சிடும். அதுக்கப்புறம் அரும்பாக்கத்துல இருக்கற தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலுக்கு புகார் எழுதலாம், பேர் ஊரோட எழுதணும், அதான் சிக்கல். எனக்கு எழுதறதுக்கே பேரை மறைக்கறீங்க. உங்களைக் குத்தம் சொல்லல, நாளைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு பேரனுக்கு ஜுரம்னா அதே டாக்டர் வாசல்லதானே போய் நிக்கணும்.

2022 ஏப்ரல் கடைசியில மதுரை மருத்துவக் கல்லூரியில முதல் வருஷப் பசங்க ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழிக்கு பதிலா, சரகர்ங்கற பழைய ஆயுர்வேத ஆசான் பேர்ல இருக்கற சபதம் எடுத்துட்டாங்கன்னு டீனையே காத்திருப்போர் பட்டியல்ல தூக்கிப் போட்டு, சில நாள்ல திரும்ப உக்கார வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? கிரேக்கக்காரன் சத்தியமா நம்மாளு சத்தியமான்னு மாநிலமே பத்திக்கிட்டு எரிஞ்சுது. டீக்கடையில எனக்கும் ஒரு நண்பருக்கும் இதுல பேச்சு முத்தி, அவர் இன்னிக்கும் என்னைப் பாத்தா ரோட்டை கிராஸ் பண்ணிடறார். ரெண்டு சத்தியத்துல எதை எடுத்தவன் ஃபீஸ் போர்டு மாட்டுவான்னுதான் நான் கேட்டேன். அதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?

யோக்கியன் மாதிரி பேசறானேன்னு நெனைக்காதீங்க. நம்ம பத்திரிகையோட ஆரம்ப காலத்து இதழ்ங்களைப் புரட்டினா பின்னட்டையில லாட்ஜ் வைத்தியர் விளம்பரம் இருக்கும். மாசம் 5ம் தேதி திருச்சி, 6ம் தேதி மதுரை, 7ம் தேதி திருநெல்வேலி, ரூம் நம்பரோட, வாலிப வயோதிக அன்பர்களேன்னு. அந்த மாதிரி விளம்பரம் கூடாதுன்னு 1954லயே சட்டம் இருக்கு. தெரியாதான்னு கேட்டா, தெரியும். அந்தப் பின்னட்டைக் காசுலதான் அப்ப புரூஃப் ரீடருக்கு சம்பளம் போட்டோம். அவர்தான் ஒரு நாள் என் ரூமுக்கு வந்து 'சார், இந்த விளம்பரத்துல சந்திப்பிழை நெறைய இருக்கு, இனிமே நான் திருத்த மாட்டேன்'னார். சந்திப்பிழைன்னுதான் சொன்னார். அடுத்த இதழ்லேர்ந்து நிறுத்தினேன். மூணு மாசம் அவருக்கு சம்பளம் லேட்டாத்தான் குடுத்தேன், வவுச்சர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டு.

பேரனுக்கு என்ன பேர் வெச்சீங்கன்னு எழுதவே இல்லையே. எதை வேணா வைங்க, தர்மராஜ் மட்டும் வேணாம்.