கொலைகாரன் வீட்டுக் கதை

கேள்வி: ஆப்ரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தோட குடும்பத்தைப் பத்தி ஒரு சரித்திர நாவல் வாங்கிப் படிச்சேன் சார். முக்காவாசி புக் அப்பா குடிக்கறதும் அண்ணன் நாடகம் போடறதும் அக்கா புலம்பறதும்தான். கொலைச் சதி கடைசியில நாலு பக்கத்துல முடிஞ்சு போச்சு. இப்படி ஏமாத்தலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஏமாத்திட்டாங்கன்னு சொல்லாதீங்க, குடும்பத்தோட கதைன்னு தெரிஞ்சுதானே வாங்கினீங்க. நானும் படிச்சேன், எனக்கும் ஏமாற்றம்தான், ஆனா நீங்க சொல்ற காரணத்துக்கு இல்ல. போரடிக்குதுன்னு நீங்க தள்ளிவிட்ட அந்த அண்ணன், அக்கா கிட்டதான் கதையோட உயிரே இருக்கு, அவங்களை எழுத ஆரம்பிச்சுட்டு துப்பாக்கி வெடிச்சதும் அவசர அவசரமா மூட்டை கட்டிட்டாங்களே, அதுதான் எனக்குப் பொறுக்கல.

1864 நவம்பர் 25. நியூயார்க் விண்டர் கார்டன் தியேட்டர்ல அண்ணன் தம்பி மூணு பேரும் சேர்ந்து 'ஜூலியஸ் சீசர்' போடறாங்க. அண்ணன் எட்வினுக்கு ப்ரூட்டஸ் வேஷம், மூத்தவர் ஜூனியஸுக்கு காசியஸ் வேஷம், பின்னாடி லிங்கனைச் சுட்ட ஜானுக்கு மார்க் ஆண்டனி வேஷம். சீசரைக் குத்தற வேஷம் அண்ணன்களுக்கு, செத்த சீசருக்காகப் பேசற வேஷம் ஜானுக்கு! அதே மாசம்தான் எட்வின் லிங்கனுக்கு ஓட்டுப் போட்டது, அதனால வீட்டுக்குள்ள சண்டை வேற. ஜெர்சி சிட்டி ரயில்வே ஸ்டேஷன்ல தவறி விழப்போன ஒரு பையனை சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துக் காப்பாத்தினதும் இதே எட்வின்தான், அந்தப் பையன் லிங்கனோட மகன் ராபர்ட்ன்னு அப்ப அவருக்குத் தெரியாது. அந்த நாடகம் போட்ட அஞ்சே மாசத்துல, 1865 ஏப்ரல் 14-ஆம் தேதி ராத்திரி, தம்பி போய் லிங்கனைச் சுட்டுட்டான்.

அதுக்கப்புறம்தான் சார் குடும்பத்தோட கதையே ஆரம்பிக்குது. மூத்த அண்ணன் ஜெயில்ல, அக்கா ஏஷியாவோட புருஷனும் ஜெயில்ல, ஏஷியா வயித்துல குழந்தையோட ஃபிலடெல்ஃபியா வீட்டுல போலீஸ் காவல்ல. இனிமே நடிக்கவே மாட்டேன்னு இருந்த எட்வின் 1866 ஜனவரியில அதே விண்டர் கார்டன்ல ஹாம்லெட்டா திரும்பி வந்தார், ஜனங்க எழுந்து நின்னு ஆரவாரம் பண்ணாங்க, ஆனா திரை தூக்கறதுக்கு முன்னாடி அவருக்கு அது தெரியாதே, கல்லு வருமா கைதட்டல் வருமான்னு அந்த மனுஷன் எப்படி உக்காந்திருப்பார்? ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேணும், இந்த இடத்தைப் போய் ஓடிக் கடந்தா எனக்குக் கோபம் வராதா. அம்மாவுக்காகவாவது செத்துப்போன தம்பியோட உடம்பைக் குடுங்கன்னு அரசாங்கத்துக்கு லெட்டர் எழுதிக் கேட்டிருக்கார் எட்வின், 1869-லதான் குடுத்தாங்க, பால்டிமோர்ல பேர் போட்ட கல்லு கூட இல்லாம புதைச்சாங்க.

ஏஷியா 1868-ல இங்கிலாந்துக்கே போயிட்டாங்க. தம்பி செஞ்சது கொடுமைன்னு தெரியும், ஆனா கூட வளர்ந்த பிள்ளை, பாசம் விடல, அவனைப் பத்தின நினைவுகளை ரகசியமா எழுதி, புருஷன் கையில கிடைச்சா எரிச்சுடுவார்ன்னு பயந்து, தெரிஞ்ச குடும்பத்துக்கிட்ட ஒப்படைச்சுட்டு 1888-ல செத்துப் போனாங்க. அது அச்சுல வந்தது 1938-ல, சரியா 50 வருஷம் கழிச்சு. இதைத்தான் நீங்க புலம்பல்ங்கறீங்க.

சதித்திட்டம் வேணும்னா அதுக்கு சரித்திரப் புக் நிறைய இருக்கு, அதைத் தேடிப் படிங்க. இந்த நாவலைப் பழைய பேப்பர்ல போட்டுடாதீங்க, அக்கா வர்ற அத்தியாயங்களை மட்டும் இன்னொரு தடவை படிச்சுட்டு எனக்கு எழுதுங்க.